எட்டுக் கேமரா, ஒரு முகம்கூட இல்லை

(திரையில்: ஒரு மளிகைக் கடை. கல்லாவுக்கு நேர் மேலே, கூரையிலிருந்து எடுத்த காட்சி. தொப்பி போட்ட ஓர் உச்சந்தலை. ஒரு கை நீள்கிறது. கல்லா திறக்கிறது, மூடுகிறது.)

பார்த்தீர்களா? பதினொரு விநாடி. தொப்பி நீல நிறம், மணிக்கட்டில் கயிறு கட்டியிருக்கிறார். தெரிவது அவ்வளவுதான்.

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் உள்ள கடை இது. முதலாளி அண்ணாச்சி எனக்கு நெடுநாள் பழக்கம். காலையில் பருப்பு மூட்டை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ கல்லாவில் கை வைத்துவிட்டுப் போய்விட்டார். என்னைக் கூப்பிட்டு டிவியைக் காட்டினார். “தம்பி, எட்டுக் கேமரா போட்டிருக்கேன். ஒண்ணுலகூட மூஞ்சி தெரியலையே, இது என்ன கேமரா?”

கேமரா நல்ல கேமராதான். மாட்டியவர்கள் அண்ணாச்சியிடம் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டார்கள்: யாருடைய முகம், எந்த இடத்தில் தெரிய வேண்டும்?

நம் ஊரில் கேமரா வாங்கப் போனால் “எத்தனை கேமரா சார், ரெண்டு மெகாபிக்சலா, அஞ்சா?” என்றுதான் பேச்சு தொடங்கும். எத்தனை இலை என்று கேட்டுவிட்டு, என்ன சமையல் என்று கேட்காமல் போகிற சமையல்காரர் மாதிரி.

(திரையில்: தெருவில் சுண்ணாம்புக் கோடுகள். 10 அடி, 14 அடி, 26 அடி. ஒவ்வொரு கோட்டிலும் ஒருவர் வந்து நிற்கிறார்.)

சரி, கொஞ்சம் கணக்கு. ஐஇசி 62676 என்று கண்காணிப்புக் கேமராக்களுக்கு ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. அதன் 2014 பதிப்பு தந்த கணக்கு இது. முன்பின் தெரியாத ஒருவரை ‘இவர்தான்’ என்று உறுதியாகச் சொல்ல, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் விழ வேண்டும். ஏற்கனவே தெரிந்த ஆளைக் கண்டுகொள்ள 125 போதும். ஏதோ ஓர் ஆள் நடமாடுகிறார் என்று மட்டும் தெரிய 25.

2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1,920 பிக்சல். இதை 250ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7.7 மீட்டர். அதாவது, கேமரா எவ்வளவு அகலத்தைப் பார்த்தாலும், அந்த அகலம் 7.7 மீட்டரைத் தாண்டும் இடத்தில் முகத்தை உறுதிசெய்ய முடியாது. கடைகளில் பெரும்பாலும் கொடுப்பது 2.8 எம்எம் லென்ஸ். அது சுமார் 100 டிகிரிக்கு விரிந்து பார்க்கும். அதில் 7.7 மீட்டர் அகலம் எங்கே வரும் தெரியுமா? பத்தடி தூரத்தில். பத்தே அடி! அதற்கு அப்பால் நிற்பவர் ‘ஓர் ஆள்’தான்.

‘அப்போ 5 மெகாபிக்சல் போட்டுவிடலாமே?’ போடலாம். பத்தடி பதினான்கு அடியாகும். அதே பழைய 2 மெகாபிக்சலில் லென்ஸை மட்டும் 6 எம்எம் ஆக்கினால் பார்வை சுமார் 50 டிகிரிக்குச் சுருங்கும், முகம் 26 அடி வரை தெரியும். மெகாபிக்சலுக்குக் கூடுதல் காசு கொடுப்பவர்கள் லென்ஸைப் பற்றி வாயே திறப்பதில்லை. எனக்கு இதில் நெடுநாள் ஆதங்கம் உண்டு.

ஆகவே ஒரு வாசலுக்கு இரண்டு வேலை. விரிந்து பார்க்க ஒரு கேமரா, என்ன நடந்தது என்று சொல்ல. குறுகிப் பார்க்க ஒரு கேமரா, யார் செய்தது என்று சொல்ல. இரண்டையும் ஒரே கேமராவிடம் எதிர்பார்த்தால் இரண்டும் கிடைக்காது.

இன்னொரு கண்ணாமூச்சி, காட்சியைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டிக்குள் நடக்கும். விலை குறைந்த சில பெட்டிகள் ‘1080பி லைட்’, ‘1080என்’ என்ற பெயரில் பதிவு செய்யும். 1,920 இருக்க வேண்டிய அகலம் அதில் பாதியாகிவிடும். கேமராவின் அட்டைப் பெட்டியில் 2 மெகாபிக்சல் என்று இருக்கும், ஹார்ட் டிஸ்க்கில் விழுவது ஒன்று. அண்ணாச்சி கடையிலும் அப்படித்தான் இருந்தது. வாங்கும்போது, ‘எல்லாச் சேனலும் முழு 1080பியில் பதிவாகுமா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

(திரையில்: கடை வாசல். உள்ளே வருபவர் முழுக்கக் கறுப்பு நிழலாகத் தெரிகிறார். பின்னால் தெரு வெள்ளை வெளேரென்று.)

இது வாசல் கேமரா. பெயர்ப் பலகைக்கு மேலே, பதிமூன்று அடி உயரத்தில் இருந்தது. உயரத்தில் இருந்தால் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் உயரத்திலிருந்து பார்த்தால் தலைதான் தெரியும், அதிலும் தொப்பி போட்டுவிட்டால் முடிந்தது கதை. முகத்துக்கான கேமராவை ஏழெட்டு அடியில், ஆள் எதிரே நடந்து வரும் பாதைக்கு நேராக வையுங்கள். கை எட்டும் உயரம்தான். அதனால்தான் அந்தக் கேமராவைப் பார்க்கும்படி இன்னொரு கேமரா.

நம் மாசி வீதிகள் கோயிலைச் சுற்றி நான்கு திசைக்கும் ஓடுகின்றன. எந்த வீதியில், எந்தப் பக்கம் கடை என்பதைப் பொறுத்து வெயில் வரும் நேரம் மாறும். அண்ணாச்சி கடை கிழக்குப் பார்த்தது. காலையில் உள்ளிருந்து வாசலைப் பார்க்கும் கேமராவுக்கு வருகிறவர் முதுகில் வெயில், முகத்தில் இருட்டு. திருடு போனதும் காலையில்தான். இதற்கு டபிள்யூடிஆர் உள்ள கேமரா வேண்டும். வெளிச்சமான பகுதிக்கும் இருட்டான பகுதிக்கும் தனித்தனியே படம் எடுத்து ஒன்றாக்கித் தரும். ‘டிஜிட்டல் டபிள்யூடிஆர்’ என்று எழுதியிருந்தால் அது வெறும் ஒப்பனை. 120 டெசிபல் (dB) என்று எழுதியிருந்தால் நம்பி வாங்கலாம்.

இரவுக்கு வருவோம். பெரும்பாலான கேமராக்களில் அகச்சிவப்பு விளக்கு இருக்கும். இருட்டில் லென்ஸைச் சுற்றி மங்கலாகச் சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றனவே, அதுதான். கேமராப் பக்கம் பூச்சி வரும். பூச்சிக்கு எட்டுக்கால் பூச்சி வரும். அது லென்ஸுக்கு முன்னால் வலை கட்டும். இரவில் அந்த ஒற்றை இழை வெள்ளைக் கயிறு மாதிரி ஒளிரும். காற்றில் ஆடும்போதெல்லாம் ‘யாரோ நடமாடுகிறார்கள்’ என்று உங்கள் போன் அலறும். வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஈசல் பறக்கும் நாட்களில் சொல்லவே வேண்டாம். மாதம் ஒரு தடவை மெல்லிய துணியால் துடைப்பதைத் தவிர இதற்குப் பெரிய மருந்து இல்லை. கேமராவைச் சுவரை ஒட்டியோ சன்ஷேடுக்கு அடியிலோ வைத்தால், அந்த ஒளி பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பிப் படத்தையே வெளுக்கும். அதையும் பாருங்கள். அகச்சிவப்பில் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். வாசலில் ஒரு எல்இடி பல்பு இரவு முழுக்க எரியட்டும். அதற்கு ஆகும் கரண்ட் செலவு கொஞ்சம், கிடைக்கும் லாபம் சட்டையின் நிறம்.

டிவிஆரா, என்விஆரா? வீடு, சிறு கடை என்றால் டிவிஆர் போதும். கேபிள் டிவி வயர் மாதிரியான கோஆக்ஸ் வயரில் ஓடும், பழுது பார்ப்பதும் எளிது. பெரிய மண்டபம், பள்ளிக்கூடம், பல மாடி என்றால் நெட்வொர்க் கேமராக்களுக்கான பதிவுப் பெட்டி, அதாவது என்விஆர். ஒரே நெட்வொர்க் வயரில் படமும் மின்சாரமும் போகும். ஆனால் அந்த வயர் ஒரே ஓட்டமாக 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்டியைவிட முக்கியம் வயர். டிவிஆருக்கு, படமும் மின்சாரமும் சேர்ந்து போகிற வயரை ‘த்ரீ ப்ளஸ் ஒன்’ என்று கேட்டு வாங்குகிறீர்கள் அல்லவா, முனையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. நீளமாக இழுத்தால் கடைசிக் கேமராவுக்கு 12 வோல்ட் போய்ச் சேராது. பகலில் படம் நன்றாக இருக்கும். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்ததும் கேமரா அணைந்து அணைந்து எரியும்.

(திரையில்: ஹார்ட் டிஸ்க். பக்கத்தில் கரும்பலகை, சுண்ணாம்புக்கட்டி.)

இப்போது ஹார்ட் டிஸ்க். அண்ணாச்சியின் இரண்டாவது ஏமாற்றம் இங்கேதான். ‘அந்த நீலத் தொப்பிக்காரர் போன வாரமும் வந்தது மாதிரி இருக்கிறதே’ என்று பின்னோக்கித் தேடினோம். ஆறாவது நாளோடு பதிவு முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் அழிந்து, மேலே புதியது எழுதியாகிவிட்டது.

இதற்குச் சுலபமான கணக்கு ஒன்று சொல்கிறேன். டிவிஆர் செட்டிங்கில் பிட்ரேட் என்று ஓர் எண் இருக்கும். விநாடிக்கு எவ்வளவு தரவு பதிவாகிறது என்பதை எம்பிபிஎஸ் அளவில் சொல்லும். அதை 10.8ஆல் பெருக்கினால், ஒரு கேமரா ஒரு நாளுக்கு எத்தனை ஜிபி தின்னும் என்பது வந்துவிடும். படத்தைச் சுருக்கிப் பதியும் எச்.265 முறையில் 2 மெகாபிக்சலுக்கு 2 எம்பிபிஎஸ் வைத்தால் 21.6 ஜிபி. எட்டுக் கேமராவுக்கு நாளொன்றுக்கு 172.8. ஒரு டிபி டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது. பழைய எச்.264 என்றால் அதே தரத்துக்குக் கிட்டத்தட்ட இரு மடங்கு இடம் வேண்டும், நாட்கள் பாதியாகும்.

எத்தனை நாள் வைத்திருப்பது? மளிகைக் கடையில் சரக்குக் குறைவு மாதக் கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியும். அப்படியானால் முப்பது நாள் வேண்டும். டிஸ்க் கண்காணிப்புக்கென்றே வருகிற ரகமாக இருக்கட்டும். கம்ப்யூட்டர் டிஸ்க் இரவு பகலாக எழுதிக்கொண்டே இருப்பதற்கென்று செய்தது அல்ல.

இடம் இருந்தும் பதிவு இல்லாமல் போகும் கதையும் உண்டு. 2020இல் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் காவலில் இறந்த வழக்கு நினைவிருக்கும். அந்தக் காவல் நிலையத்துக்குச் சென்று விசாரித்த நீதித்துறை நடுவர், உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அளித்த அறிக்கையில், டிஸ்க்கில் ஒரு டிபி இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்ததைக் குறிப்பிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், எப்படியும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது. நம் வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் அந்த ‘தானாக அழி’ செட்டிங் உங்கள் பெட்டியிலும் இருக்கலாம். எத்தனை நாளில் வைத்திருக்கிறார்கள் என்று இன்றைக்கே திறந்து பாருங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது? கல்லாவுக்குக் கீழே வேண்டாம், வந்தவர் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். பரணும் வேண்டாம், சித்திரை வெயிலில் ஓட்டுக்குக் கீழே டிஸ்க் வெந்துவிடும். காற்று போகும் பூட்டிய அலமாரி நல்லது. இன்வெர்ட்டர் லைனில் இருந்து கரண்ட் கொடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து மாலை வரை கரண்ட் இல்லாத நாள் எது என்பது பேப்பரிலேயே வருகிறது. நாம் மட்டும்தான் படிப்போம் என்று நினைக்காதீர்கள். இணைய மோடத்தையும் அதே லைனில் போடுங்கள்.

பாஸ்வேர்டு. 2016இல் மிராய் என்ற நச்சு நிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் வசப்படுத்தி, அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களையே முடக்கியது. மாட்டிக் கொடுத்தவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டும் மாற்றப்பட வேண்டியதே. அவர் நல்லவராகவே இருக்கட்டும். நம் நாட்டில் 2025 ஏப்ரல் முதல் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். மத்திய அரசின் சோதனை அமைப்பான எஸ்டிக்யூசியின் சான்று இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள்.

(திரையில்: சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பு. மோட்டார் அறை. கம்பத்தில் சூரியத் தகடு வைத்த கேமரா.)

தோட்டத்துக்கு என்ன செய்வது என்று பலர் கேட்கிறீர்கள். மோட்டார் வயரை அறுத்துச் செம்பை விற்பவர்கள் இருக்கும்வரை இந்தக் கேள்வியும் இருக்கும். சிம் கார்டும் சூரியத் தகடும் உள்ள கேமரா அங்கே சரிதான். ஆனால் பேட்டரியை மிச்சம் பிடிக்க அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும், ஆள் அசைந்தால்தான் விழிக்கும். தொடர்ச்சியான பதிவு கிடைக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். அது காவலாளி அல்ல, கூப்பிடுகிற நாய்.

அப்புறம், பக்கத்து வீட்டு வாசலும் ஜன்னலும் படத்தில் விழுந்தால் அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி பெரும்பாலான பெட்டிகளில் இருக்கிறது. துணிக் கடைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: உடை மாற்றும் அறையின் கதவு வரைதான் கேமரா பார்க்கலாம். உள்ளே போனால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை.

சம்பவம் நடந்துவிட்டால்? டிவியில் ஓடும் காட்சியைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவதுதான் நம் வழக்கம். அது குடும்ப குரூப்புக்குச் சரி, வழக்குக்கு ஆகாது. முதலில் பெட்டியின் கடிகாரம் எத்தனை நிமிடம் முன்பின்னாக இருக்கிறது என்று எழுதி வையுங்கள். பிறகு பெட்டியிலிருந்தே பென் டிரைவில் முழுத் தரத்தில் இறக்குங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்க ஒரு சான்றிதழ் வேண்டும். முன்பு 65-பி என்று சொல்வார்களே, அந்தச் சான்றிதழ் 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவில் வருகிறது. பதிவுக் கருவியையே நீதிமன்றத்தில் ஒப்படைத்தால் தவிர, நகலுக்கு இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று பழைய 65-பி பற்றி உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. புதிய படிவத்தில், கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் எண்ணும் எழுத வேண்டும்.

(திரையில்: மறுபடியும் அண்ணாச்சி கடை. வாசல் நிலைக்குப் பக்கத்தில், எட்டடி உயரத்தில் சிறிய கேமரா.)

அண்ணாச்சி கடையில் எட்டில் மூன்றைக் கழற்றிவிட்டோம். ஒன்று சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மிச்சம் ஐந்தில் ஒன்று 6 எம்எம் லென்ஸோடு வாசலில், ஒன்று கல்லாவுக்கு எதிரே முகம் பார்க்கும்படி. முழு 1080பியில் பதிவு செய்யும் பெட்டி. ஐந்து கேமராவுக்கு நாளொன்றுக்கு 108 ஜிபி. 4 டிபி டிஸ்க்கில் 37 நாள் நிற்கும். நீலத் தொப்பிக்காரர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

அமாவாசைக்கு அமாவாசை கடைக்குப் பூஜை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைப்பது அவர் வழக்கம். இப்போது அதோடு இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. ஏணி போட்டு லென்ஸையெல்லாம் துடைத்துவிட்டு, டிவி முன்னால் உட்கார்ந்து, போன அமாவாசைத் தேதியைப் போட்டுத் தேடுவார். அப்புறம் எனக்கு போன் வரும். வேறு எதுவும் பேச மாட்டார்.

“தம்பி, போன மாசப் பூசணிக்கா இருக்கு.”