பேனரில் ஒரு கை அகலம்

[காட்சி: ராயபுரம் தெருமுனை. மன்றப் பலகைக்குக் கீழே கேரம் ஆடும் பையன்கள்]

வணக்கம். வியாசர்பாடி, காசிமேடு, தண்டையார்பேட்டை, எங்கே போனாலும் ஒரு ரசிகர் மன்றப் பலகை கண்ணில் படும். ஆஸ்பத்திரியில் ரத்தம் வேண்டுமென்றால் முதலில் ஓடுவது இந்தப் பையன்கள்தான். அதனால் ஒரு நடிகர் மனிதக் கடத்தலைப் பற்றி வாய் திறந்தால், வட சென்னையில் அது காற்றோடு போகாது. அவர் என்ன சொல்கிறார் என்பதுதான் என் கவலை.

அமெரிக்காவில் 2011-ல் ஹாலிவுட் நடிகர்கள் ஆஷ்டன் குட்சரும் டெமி மூரும் சிறுமிகளை விலைக்கு வாங்கும் ஆண்களைக் கண்டித்து விளம்பரப் படங்கள் எடுத்தார்கள். கூடவே ஓர் எண்ணும் பரவியது: பாலியல் தொழிலில் சிக்கிய குழந்தைகள் ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம். ஒரு பத்திரிகை அதைத் தோண்டிப் பார்த்தது. 2001-ல் வந்த ஓர் ஆய்வு, சிக்கிக்கொள்ளக்கூடிய நிலையில் இருக்கும் குழந்தைகளுக்குப் போட்ட மதிப்பீடு அது. சிக்கியவர்களின் கணக்காக ஊரெல்லாம் சுற்றிவிட்டது. அப்புறம் 2012-ல் அவர்களே தார்ன் என்ற அமைப்பாக வேலையை மாற்றினார்கள். இணையத்தில் சீரழிக்கப்படும் குழந்தைகளைக் கண்டுபிடிக்கப் போலீசுக்கு மென்பொருள் செய்து தரும் அமைப்பு. எனக்கு விளம்பரத்தைவிட இதுதான் பெரிது.

[காட்சி: சென்ட்ரல் நடைமேடை, காலை]

சரி, நம்ம ஊருக்கு வருவோம். கடத்தல் என்றதும் வேன், மயக்க மருந்து, கட்டிய கை என்றுதான் மனசில் ஓடும். இங்கே ஒரு பையன் தெரிந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு ரயிலைவிட்டு இறங்குவான். சிரித்துக்கொண்டே கூட வருவான். வேலைக்குக் கூப்பிட்டவர்கள் அவன் வீட்டில் அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள். அப்புறம் பட்டறை மாடியிலேயே வேலை, அங்கேயே தூக்கம். செங்குன்றம் பக்கம் அரிசி ஆலைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மீட்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களைக் கட்டிப்போட்டதும் அட்வான்ஸ்தான். "கணக்கு முடியலை" என்ற ஒரு வார்த்தை போதும், நெல் காயும் களத்தைத் தாண்ட முடியாது.

1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. மீட்கப்பட்டவர்களுக்கு, கொத்தடிமையிலிருந்து விடுபட்டதாக அதிகாரிகள் தரும் விடுதலைச் சான்றிதழ் வேண்டும், உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை அரசு தரும். ஒரு நடிகர் மேடையில் இதைச் சொன்னால் எத்தனை பேர் காதில் விழும்!

மன்றத் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பிறந்தநாள் பேனரில் 'இவண்' போட்டு உங்கள் முகங்களை அடுக்குவீர்கள் அல்லவா, அதற்கு மேலே ஒரு கை அகலம் விடுங்கள். அங்கே 1098 என்று பெரிதாகப் போடுங்கள். குழந்தைகளுக்கான எண், 24 மணி நேரமும் இலவசம்.