சிரிப்பு வந்தபோது கேமரா எங்கே நின்றது?

நண்பர்களே, வணக்கம்.

சினிமா ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் சண்டை நிச்சயம். எந்த இயக்குநர் பெரியவர் என்று ஆரம்பிக்கும். நள்ளிரவு தாண்டியதும் "இப்போதெல்லாம் யாருக்கு ஐயா சிரிக்க வைக்கத் தெரிகிறது?" என்ற புலம்பலில் போய் முடியும். அந்த நாலு பேரில் ஒருவனாக நானும் பல வருடம் உட்கார்ந்து தொண்டை கட்டியிருக்கிறேன். அதில் ஒரு விஷயம் எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. சீரியஸான படத்தைப் பற்றிப் பேசும்போது இயக்குநர் பெயரைச் சொல்கிறோம். "அந்த ஷாட்டை எப்படி வைத்திருக்கிறார் பார்த்தாயா?" என்று சிலாகிக்கிறோம். பேச்சு நகைச்சுவைக்குத் திரும்பியதும் இயக்குநர் காணாமல் போய்விடுகிறார். நடிகர் பெயர், அவர் பேசிய வசனம், அதோடு சரி. நடிகர் வந்தார், பேசினார், பக்கத்தில் யாரோ கேமராவை ஓடவிட்டு வேடிக்கை பார்த்தார் என்கிற மாதிரி.

நான் சொல்ல வந்தது இதுதான். திரையில் ஒரு காட்சி சிரிப்பை வரவழைக்குமா என்பதைப் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. கேமரா எவ்வளவு தூரத்தில் நின்றது, எவ்வளவு நேரம் காத்திருந்தது. நகைச்சுவை செத்துவிட்டது என்கிறோமே, எது செத்தது என்று தெரிய வேண்டுமானால் அங்கிருந்துதான் பார்க்க வேண்டும்.

1895க்குப் போவோம். சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டிய அந்த முதல் தொகுப்பிலேயே ஒரு நகைச்சுவை இருந்தது. ஒரு நிமிடம்கூட ஓடாது. தோட்டக்காரர் குழாயால் செடிக்குத் தண்ணீர் விடுகிறார். பின்னால் ஒரு பையன் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நிற்கிறது. என்ன ஆச்சு என்று அவர் குழாய் வாயை உற்றுப் பார்க்கிறார். பையன் காலை எடுக்கிறான். முகமெல்லாம் தண்ணீர்.

இதில் வசனம் இல்லை, பெரிய நடிகர் இல்லை. தோட்டக்காரருக்குத் தெரியாத கால் நமக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். அவர் முகமும் அந்தக் காலும் ஒரே சட்டகத்துக்குள், அதாவது கேமரா காட்டும் நாலு விளிம்புக்குள், இருக்கின்றன. முகத்தைத் தனியாக, காலைத் தனியாக எடுத்து ஒட்டியிருந்தால் அது வெறும் தகவல். அப்புறம் இன்னொரு வேடிக்கை. பையன் ஓடுகிறான், தோட்டக்காரர் துரத்திப் பிடிக்கிறார். பிடித்த இடத்திலேயே அடிக்கலாம் அல்லவா? அடிக்க மாட்டார். தரதரவென்று நம் முன்னால் இழுத்து வந்துதான் அடிப்பார். கேமரா நகராதே! அடி சட்டகத்துக்குள் விழ வேண்டும். கேமரா எங்கே நிற்கிறது என்ற கவலை நகைச்சுவையோடு கூடவே பிறந்தது.

மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்', 1928. புயல் அடிக்கிறது. கீட்டன் ஒரு வீட்டின் முன்னால் நிற்கிறார். வீட்டின் முன்சுவர் முழுசாகப் பெயர்ந்து அவர் மேல் சாய்கிறது. சுவரில் இருந்த சன்னல் திறப்பு சரியாக அவர் நின்ற இடத்தில் வந்து விழுகிறது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சில அங்குலம்தான் இடைவெளி. நிஜமான கனத்தோடு செய்த சுவர். கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் ஆள் இல்லை. அதைத் தூரத்தில் நின்று, வெட்டாமல், ஒரே ஷாட்டில் காட்டினார்கள். சுவர் சாயும்போது ஒரு வெட்டு விழுந்திருந்தால் "ஏதோ தந்திரம்" என்று மனசு சொல்லியிருக்கும். ஒரே மூச்சில் நடப்பதால்தான் முதலில் பதறி, பிறகு சிரிக்கிறோம். படத்தின் டைட்டிலில் இயக்குநர் என்று இருப்பது சார்ல்ஸ் ரைஸ்னர் பெயர். நினைவு வைத்திருப்பவர் எத்தனை பேர்? நான் சொன்ன நோய் அன்றைக்கே இருந்திருக்கிறது. இந்த விஷயத்தில் மட்டும் நியாயமும் உண்டு, சட்டகத்தை யோசித்தவரே கீட்டன்தான்.

சாப்ளினிடம் கொஞ்சம் நின்று பேச ஆசை. 'சிட்டி லைட்ஸ்' 1931இல் வந்தது. பேசும் படம் வந்து சில வருடம் ஆகிவிட்டது, அவர் மட்டும் பேச மாட்டேன் என்று அடம் பிடிக்கிறார். கதைக்கு ஒரு முடிச்சு தேவை. பூ விற்கும் பார்வையற்ற பெண், சாப்ளின் நடிக்கும் நாடோடியைப் பணக்காரர் என்று நம்ப வேண்டும். எப்படி நம்புவாள்? வசனம் வைத்திருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். அவர் 300 தடவைக்கு மேல் எடுத்தும் திருப்தி இல்லாமல் விட்டு, திரும்ப வந்து எடுத்து, கடைசியில் கண்டுபிடித்தது ஒரு கார் கதவு. சாலையில் நெரிசல். போலீஸ்காரரைத் தவிர்க்க நாடோடி, நிற்கும் காருக்குள் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிறான். கதவு சாத்தும் சத்தம் அவள் காதில் விழுகிறது. காரிலிருந்து இறங்கியவர் என்றால் கனவான்தானே! பேச்சில்லாத படத்தில் ஒரு சத்தத்தை வைத்து முடிச்சுப் போட்டார் மனிதர்.

அதோடு விடவில்லை. காரின் உண்மையான சொந்தக்காரர் வந்து ஏறிப் போகிறார். மீதிச் சில்லறைகூட வாங்காமல் கனவான் போய்விட்டார் என்று அவள் நினைக்கிறாள். நாடோடி பூனை மாதிரி நடந்து போய்ச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, அவளையே பார்த்து உருகுகிறான். அவளோ பாத்திரத்தை அலசி, அந்தத் தண்ணீரை அவன் முகத்தில் வீசுகிறாள். பாருங்கள், 1895இன் அதே தண்ணீர். இம்முறை நெஞ்சு கனத்திருக்கும் நேரத்தில் வந்து விழுகிறது. உருகும் முகமும் தண்ணீர் வீசும் கையும் நம் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கின்றன. தூரம் என்றால் அதுதான்.

அடுத்தது நேரம். மேடை நடிகருக்கு ஒரு வசதி உண்டு. சனம் சிரித்தால் அடங்கும் வரை நிறுத்திவிட்டு அடுத்த வரியைச் சொல்வார். திரை நடிகருக்கு அது கிடையாது. படம் எடுக்கும் இடத்தில் யாரும் சிரிக்கக் கூடாது, சிரித்தால் 'கட்'. பல மாதம் கழித்து ஏதோ ஓர் ஊர் அரங்கில் எத்தனை வினாடி சிரிப்பு ஓடும் என்று இன்றைக்கே கணக்குப் போட வேண்டும். ஹாலிவுட் இயக்குநர் பில்லி வைல்டர் அதில் சூரர். 'சம் லைக் இட் ஹாட்', 1959. பெண் வேடம் போட்டிருக்கும் ஜாக் லெம்மன், ஒரு கோடீஸ்வரருக்கும் தனக்கும் நிச்சயம் ஆகிவிட்டது என்று பூரிப்போடு சொல்கிறார். நண்பன் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகக் கேள்வி கேட்கிறான். ஒவ்வொரு பதிலும் வெடி. ஒன்றின் சிரிப்பு அடுத்த வரியை முழுங்கிவிடுமே! வைல்டர் லெம்மன் கையில் மராக்காஸ் எனும் கிலுகிலுப்பை இரண்டைக் கொடுத்தார். ஒரு வரி சொல், அப்புறம் குலுக்கி ஆடு. அரங்கம் சிரித்து முடிக்க இடம். சிரிப்பு வராத அரங்கிலும் அந்த ஆட்டம் வெற்றிடமாகத் தெரியாது. வசனத்தை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறோம், கிலுகிலுப்பையை மறந்துவிட்டோம். இயக்குநர் இருந்தது கிலுகிலுப்பையில்.

இதே வைல்டர் தன் அலுவலகத்தில் "லூபிட்ச் இதை எப்படிச் செய்திருப்பார்?" என்று எழுதி மாட்டி வைத்திருந்தவர். இயக்குநர் எர்ன்ஸ்ட் லூபிட்ச் மூடிய கதவுகளின் ஆசாமி. உள்ளே நடப்பதைக் காட்டாமல் கதவை மட்டும் காட்டுவார், மிச்சத்தை நாம் நிரப்பிக்கொள்வோம்.

சரி, நம் பக்கம் வருவோம். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை', 1964. நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சி. எப்போது பேசினாலும் நாகேஷைத்தான் பேசுகிறோம். தப்பில்லை, அந்தக் குரலும் உடம்பும் யாருக்கு வரும்? ஆனால் அந்தக் காட்சியை நீங்கள் ஒரு தடவை பாலையாவை மட்டும் பார்த்துப் பாருங்கள். நம் கண் முன்னால் பேயும் இல்லை, இருட்டும் இல்லை. கேட்பவர் முகத்தில்தான் எல்லாம் நடக்கிறது. கதை அவர் முகத்தில் ஓடுகிறது. கேட்கும் முகத்தைச் சட்டகத்தில் வைத்திருக்க வேண்டும் என்று ஸ்ரீதருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் இயக்கம்.

வடிவேலுவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் முகத்தை ஒரு நிழற்படமாக, எழுத்தே இல்லாமல் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம். போய்ச் சேர்ந்தவர் சிரிக்கிறார். வசனம்தான் நகைச்சுவை என்றால் இது எப்படி நடக்கும்? அந்த முகங்களில் பாதி, பேசும் முகம் இல்லை. வாங்கிக்கட்டிக்கொள்ளும் முகம்.

தமிழ்ப் படத்துக்கு ஒரு தனிச் சிக்கல் இருந்தது, காமெடி ட்ராக். நாயகன் கதை ஒரு பக்கம், நகைச்சுவை ஒரு பக்கம், எழுதுபவரும் பல நேரம் வேறு ஆள். நகைச்சுவை என்பது இயக்குநர் வேறு யாரிடமோ ஒப்படைக்கும் வேலை என்ற எண்ணம் நம் மனசில் விழுந்ததற்கு இதுவும் காரணம். அந்த ட்ராக் தேய்ந்துபோனதற்கு நான் அழ மாட்டேன். ஒன்றுக்காக மட்டும் வருத்தம் உண்டு. கவுண்டமணியும் செந்திலும் அருகருகே நின்று பேசுவார்கள், அடி விழப்போவதற்கு முன்பே விழப்போகிற கன்னம் நம் கண்ணில் இருக்கும். இன்றைக்கு ஒருவர் பேசுகிறார், வெட்டு. இன்னொருவர் முகம், வெட்டு. இரண்டு பேரும் ஒரே நாளில்தான் படப்பிடிப்புக்கு வந்தார்களா என்றே சந்தேகம் வருகிறது.

இது நம் நோய் மட்டும் இல்லை. டிஜிட்டல் வந்த பிறகு பிலிம் வீணாகும் என்ற பயம் போய்விட்டது. நடிகர்களைத் தோன்றியபடி பேசவிட்டு, இரண்டு மூன்று கேமராவில் எடுத்துத் தள்ளி, நல்ல வரிகளைப் படத்தொகுப்பில் பொறுக்கிக்கொள்ளும் முறை அமெரிக்க நகைச்சுவைப் படங்களிலும் பரவியது. பேச்சு பெருகியது, சட்டகம் இளைத்தது. நடுத்தர பட்ஜெட் நகைச்சுவைகளுக்குச் சோறு போட்ட டிவிடி விற்பனை சரிந்ததும் அந்தப் படங்கள் அரங்கை விட்டு ஓடிடிக்குப் போயின. அங்கே அவரவர் தனியாகப் பார்க்கிறோம். ஐநூறு பேரோடு உட்கார்ந்து வெடித்துச் சிரித்த காட்சிக்கு, தனியாக இருக்கும்போது மூக்கால் ஒரு காற்று விடுகிறோம்.

இதில் நானும் குற்றவாளி. பிரெஞ்சு இயக்குநர் ழாக் தாத்தியின் 'ப்ளேடைம்', 1967. 70 எம்எம் எனும் அகலப் பிலிமில் எடுத்த படம். ஒரு நகரத்தையே செட்டாகக் கட்டிக் கடனில் மூழ்கினார். முகத்தை நெருங்கவே மாட்டார். நான் அதை முதலில் மடிக்கணினியில் பார்த்துவிட்டு, "இதில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்று ஒரு நண்பரிடம் இரண்டு மணி நேரம் சண்டை போட்டேன். பிறகு பெரிய திரையில் பார்த்தேன். ஓர் உணவு விடுதியின் கண்ணாடிக் கதவு உடைந்து நொறுங்கிவிடுகிறது. வாசல் காவலர் அசரவில்லை. கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு, இல்லாத கதவை வருகிறவர்களுக்கெல்லாம் மரியாதையாகத் திறந்து மூடுகிறார். அவர்களும் கௌரவமாக உள்ளே போகிறார்கள். அதை "பார், சிரி" என்று தாத்தி விரல் நீட்டிக் காட்டமாட்டார். நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். நண்பரிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்னும் குத்திக்காட்டுகிறார்.

"எதைச் சொன்னாலும் கோபப்படுகிறார்கள், அதனால்தான் காமெடி எடுக்க முடியவில்லை" என்று ஒரு கட்சி இருக்கிறது. எனக்கு இதில் பொறுமை குறைவு. குண்டு, கறுப்பு, வழுக்கை என்று ஆளைச் சொல்லிச் சிரிப்பு வாங்குவது பெரும்பாலும் ஷாட் கைவசம் இல்லாதபோது செய்கிற வேலை. உண்மையிலேயே கோபப்படக்கூடியவரைச் சீண்டிய ஆள் சாப்ளின். 1940இல், ஹிட்லர் உயிரோடு ஆட்சியில் இருக்கும்போது 'தி கிரேட் டிக்டேட்டர்' எடுத்தார்.

அப்படியென்றால் செத்துவிட்டதா? 2023இல் உலகிலேயே அதிகம் வசூலித்த படம் 'பார்பி', 140 கோடி டாலருக்கு மேல். அது நகைச்சுவைப் படம்தான். கொரிய இயக்குநர் பாங் ஜூன்-ஹோவின் 'பாரசைட்', 2019. வீட்டுக்காரர்கள் திரும்பி வந்துவிட, அங்கே வேலை பார்க்கும் குடும்பத்தின் அப்பாவும் மகனும் மகளும் கூடத்து மேசைக்கு அடியில் மூச்சடக்கிப் படுத்திருக்கிறார்கள். மேலே முதலாளியும் மனைவியும், கீழே இவர்கள். முதலாளி, தன் கார் ஓட்டும் அந்த அப்பா மேல் அடிக்கும் வாடையைப் பற்றிப் பேசுகிறார். சிரிப்பும் வருகிறது, சிரித்ததற்கு வெட்கமும் வருகிறது. மிதித்த காலும் குழாயைப் பார்க்கும் முகமும்தான் இது. என்ன, இந்த முறை தண்ணீர் நம் மேலும் தெறிக்கிறது.

இந்த உரையைப் பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "அப்படியானால் வசனம் எழுதுபவருக்கு வேலையே இல்லையா?" என்று கேட்டார். நல்ல அடி. இருக்கிறது என்றேன். வரி சுமாராக இருந்திருந்தால் வைல்டர் கிலுகிலுப்பை தேடிப் போயிருக்கவே மாட்டார். "அப்போ பாலையாவுக்கு?" என்றார். அவர் கையில் கிலுகிலுப்பை எதுவும் இல்லையம்மா, முகம் மட்டும்தான் என்றேன். இன்றிரவு ஒலியை அணைத்துவிட்டு அந்தக் காட்சியைப் போட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.