கைப்பிடியைப் பிறகு மாட்டலாம், சுவரை இப்போதே கட்டுங்கள்

(வீடு கட்டப்போகிறவர்களும் கொத்தனார்களும் பொறியாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் கட்டடப் பொறியாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, நண்பர்களே, பின்வரிசையில் உட்காராமல் நின்றுகொண்டிருக்கிற மேஸ்திரிகளே, வணக்கம்.

உங்கள் வீட்டிலேயே குறுகலான கதவு எது? தலைவாசல் மூன்றரை அடி. அதில் யாரும் சமரசம் செய்வதில்லை, தேக்கு, பித்தளைக் குமிழ் எல்லாம் உண்டு. படுக்கையறைக் கதவு 3 அடி. குளியலறைக்கு மட்டும் இரண்டரை அடி. அதில் நிலையின் கனம் போக, கதவின் கனம் போக, ஆள் நுழைய ஏறக்குறைய 2 அடிதான் மிஞ்சும். சாதாரணச் சக்கர நாற்காலியின் அகலமே 2 அடிக்கு மேல். அதைத் தள்ளும் கைக்கு இன்னும் இரண்டு அங்குலம் வேண்டும். வயதான காலத்தில் ஒரு நாளைக்குப் பத்து தடவை போக வேண்டிய இடத்துக்குத்தான் இருப்பதிலேயே சின்னக் கதவை வைக்கிறோம். கேட்டால், "பாத்ரூம்தானே சார்" என்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இது இனி சின்ன விஷயம் இல்லை. 2021-க்கான மக்கள்தொகைக் கணிப்பின்படி, 60 வயதைத் தாண்டியவர்களின் விகிதத்தில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான் இருக்கிறோம். அவர்கள் 16.5 சதவீதம், நாம் 13.6. அதோடு, நம் ஊரில் வீடு கட்டுகிற வயதையும் பாருங்கள். பிள்ளைகள் படிப்பு முடிந்து, பெண் கல்யாணம் முடிந்து, பி.எஃப். பணம் கைக்கு வந்த பிறகுதான் பலர் அஸ்திவாரமே தோண்டுகிறார்கள். அந்த வயதில் மாடியில் மாஸ்டர் பெட்ரூம், கீழே வெறும் ஹால் என்று டூப்ளெக்ஸ் பிளான் போடுகிறார்கள். கிரகப்பிரவேசத்தன்று பார்க்க அழகாகத்தான் இருக்கும். முழங்கால் தேய்ந்த பிறகு அந்த மாடிப்படியை யார் ஏறுவது?

வயதான காலத்தை நினைத்துக் கட்டுங்கள், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடிக்கு வழி வையுங்கள் என்று சொன்னால் உடனே ஒரு முகச்சுளிப்பு வரும். "புது வீட்டில் இப்பவே ஆஸ்பத்திரிக் கம்பியெல்லாம் எதுக்கு? அபசகுனமா இருக்கு." அவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. கம்பி வேண்டாம், சரி. சுவரை மட்டும் ஒழுங்காகக் கட்டிவிடுங்கள் என்கிறேன்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் ரொனால்ட் மேஸ் என்று ஒரு கட்டடக் கலைஞர் இருந்தார். சிறுவயதில் போலியோ வந்து சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தவர். எல்லோருக்கும் பொருந்தும் வடிவமைப்பு என்ற எண்ணத்தைப் பரப்பியவர்களில் முதன்மையானவர். அந்த நாட்டில் 1988-இல் வீட்டுவசதிச் சட்டத்தைத் திருத்தியபோது, நான்கு வீடுகளும் அதற்கு மேலும் உள்ள புதிய குடியிருப்புகளுக்குச் சில விதிகள் வைத்தார்கள். அதில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. குளியலறையில் கைப்பிடி மாட்ட வேண்டும் என்று அது சொல்லவில்லை. பின்னால் மாட்டினால் தாங்குகிற மாதிரி சுவருக்குள் வலுவூட்டல் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. குடியிருப்பவரின் ரசனையில் சட்டம் தலையிடவில்லை. ஆனால் தேவை வரும் நாளில் சுவரை இடிக்க வேண்டியதில்லை.

நம் ஊர்ச் சுவருக்கு வருவோம். இப்போது உள்ளே காற்றுக் குமிழ் நிறைந்த ஏஏசி பிளாக், நடுவில் வெற்றிடம் உள்ள ஹாலோ பிளாக் என்று எடை குறைந்த கல்லில் கட்டுகிறோம். வெயிலுக்கு நல்லது, பாரமும் குறைவு. ஆனால் அதில் சாதாரண போல்ட்டை முடுக்கிக் கைப்பிடி மாட்டினால், ஆள் வழுக்கிப் பிடிக்கிற வேகத்தில் கல்லோடு பெயர்ந்து வரும். அதனால் வெஸ்டர்ன் டாய்லெட்டின் பக்கச் சுவரிலும், குளிக்கும் இடத்திலும் தரையிலிருந்து 2 அடி முதல் 4 அடி வரை கான்கிரீட் பட்டையோ திடமான செங்கல்லோ வையுங்கள். செலவு சில மூட்டை சிமென்ட்டோடு முடிந்துவிடும். அப்புறம் கைப்பிடி எந்த வருஷம் வேண்டுமானாலும் வரட்டும். வராமலே போனாலும் நஷ்டமில்லை. கைப்பிடி இல்லாத வீட்டில் பெரியவர்கள் எதைப் பிடிக்கிறார்கள் தெரியுமா? துண்டு போடும் கம்பியை, குழாயை, கீசரிலிருந்து வரும் பைப்பை. இவற்றில் எதுவும் ஆள் பாரத்துக்காக மாட்டியது இல்லை.

குளியலறை பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் வழுக்கி விழுகிற ஆபத்து அங்கே அதிகம். நம் குளியலறையில் முழுத் தரையும் ஈரம். வழுக்காத டைல்ஸ் போட்டாலும் சோப்புத் தண்ணீர் தேங்கினால் வழுக்கும். குளிக்கும் மூலையை மட்டும் தனியே சரிவு கொடுத்துப் பிரித்துவிட்டால் மற்ற இடம் காய்ந்திருக்கும். தண்ணீர் ஓடுகிற சரிவு, அதாவது வாட்டம், சரியாக இருந்தால் தண்ணீரைத் தடுக்க வாசலில் கிரானைட் பட்டை வேண்டியதில்லை. அந்த ஒரு அங்குலப் பட்டையில்தான் இரவில் கால் இடறுகிறது. மேஸ்திரிகளே, வாட்டம் உங்கள் கையில் இருக்கிறது, பிளான் போடுகிறவர் கையில் இல்லை.

கதவு உள்பக்கம் திறக்கக் கூடாது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். வெளிப்பக்கம் திறக்கட்டும், அல்லது இழுக்கும் கதவாக இருக்கட்டும். தாழ்ப்பாளும் அவசரத்துக்கு வெளியிலிருந்து நாணயம் வைத்துத் திருகித் திறக்கிற வகை கடையில் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

இனி வாசல். பல தெருக்களில் சாலையைப் புதிதாகப் போடும்போது பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போடுகிறார்கள். அதற்குப் பயந்து நாம் வீட்டை உயர்த்துகிறோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னைப் பக்கம் இந்தப் பயம் இன்னும் கூடிவிட்டது. நியாயமான பயம்தான், உயர்த்தாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். சக்கர நாற்காலிக்கான சரிவுப்பாதை ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் ஓட வேண்டும். இரண்டரை அடி உயர்த்தினால் 30 அடி நீளம். அரை கிரவுண்டு மனையில், அதாவது முப்பதுக்கு நாற்பதில், முன்பக்கம் அதற்கு இடம் கிடையாது. பைக் ஏற்றப் போட்டிருக்கிற சரிவைக் காட்டி "ராம்ப் இருக்கே" என்பார்கள். அதில் நாற்காலியைத் தள்ளிப் பார்த்தால் தெரியும், ஏற்றுவது கஷ்டம், இறக்குவது ஆபத்து.

இடம் பக்கவாட்டில் இருக்கிறது. நாற்பதடி நீளச் சுவரை ஒட்டி விடுகிற சந்துதான் அது. அதை நாம் என்ன செய்கிறோம்? வாடகைக்காரருக்கு வெளிப்படிக்கட்டு, செப்டிக் டேங்க் மூடி, போர்வெல், ஏசி வெளிப்பெட்டி. ஒரு பக்கச் சந்தையாவது நாலடி அகலத்துக்குச் சும்மா விட்டு வையுங்கள். சரிவு இப்போதே வேண்டாம். அந்தச் சந்து முடிகிற இடத்தில் கதவு அகலத்துக்குச் சுவருக்குள் ஒரு லிண்டலை, அதாவது மேல் சுவரின் பாரம் தாங்கும் கான்கிரீட் உத்திரத்தை, மட்டும் போட்டு, இப்போதைக்கு அதன் கீழ் ஜன்னல் வையுங்கள். நாளைக்கு ஜன்னலை எடுத்துக் கதவாக்கிக்கொள்ளலாம்.

தலைவாசலின் கீழ்நிலையைப் பற்றிக் கேட்பீர்கள். மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டும், எடுக்கக் கூடாது என்பார்கள் வீட்டுப் பெண்கள். எடுக்க வேண்டாம். கீழ்க்கட்டையைத் தரை மட்டத்துக்கு இறக்கிப் பதித்துவிட்டால் போதும். பொட்டும் வைக்கலாம், நாற்காலியும் ஓடும்.

டூப்ளெக்ஸ்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். கீழே ஒரு அறையும், அதோடு சேர்ந்த குளியலறையும் கட்டாயம் இருக்கட்டும். இப்போது ஆபீஸ் ரூம், விருந்தாளி ரூம், எந்தப் பெயரிலாவது இருக்கட்டும். இரண்டாவது, கீழே ஐந்தடிக்கு ஐந்தடி ஸ்டோர் ரூம், அதற்கு நேர் மேலே மாடியிலும் அதே அளவில் ஒன்று. நடுவில் உள்ள சிலாபைச் சுற்றி பீம் ஓட்டி, அந்தத் துண்டைப் பிற்பாடு வெட்டியெடுக்க முடிகிற மாதிரி கம்பி கட்டச் சொல்லுங்கள். வீட்டு லிஃப்ட் அதில் வந்துவிடும். இதை உங்கள் பொறியாளர் வரைபடத்திலேயே குறித்துத் தர வேண்டும், மேஸ்திரியிடம் வாய்ச்சொல்லாக விடாதீர்கள்.

ஃபிளாட்டில் இருப்பவர்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு லிஃப்ட் இருக்கிறது, ஆனால் லிஃப்ட் வாசலுக்குப் போக நாலு படி ஏற வேண்டும். அதை இடித்துச் சரிவு போடச் சங்கக் கூட்டத்தில் பேசினால் பார்க்கிங் போய்விடும் என்று சண்டை வரும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்துவிட்டது. ஆனால் அதன் அழுத்தம் பொதுக் கட்டடங்கள் மேல்தான், சொந்த வீட்டின் குளியலறை வரை யாரும் வந்து பார்ப்பதில்லை. சிங்கப்பூரில் பார்க்கிறார்கள். அங்கே பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காமல் இருந்தது. 2001-இல் தொடங்கிய திட்டத்தில் அதை மாடிதோறும் நிற்கும்படி மாற்றினார்கள். 2012 முதல் முதியோருக்கான ஈஸ் என்ற திட்டத்தில், அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடுகளில் கைப்பிடி, வழுக்காத தரைப்பூச்சு, சிறு சரிவு ஆகியவற்றை அரசு மானியத்தில் செய்துகொடுக்கிறார்கள். ஜப்பானில் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டிலேயே வீட்டைத் திருத்த இரண்டு லட்சம் யென் வரையிலான செலவுக்கு இடமுண்டு. நம் அரசு அப்படி ஒன்று கொண்டுவந்தால் நல்லது. வரும் வரை வீட்டுக்காரர் பணம்தான், அதனால்தான் கட்டும்போதே செய்யுங்கள் என்று நச்சரிக்கிறேன்.

மின்சார வேலை பற்றிச் சுருக்கமாக. பிளக் பாயின்டைத் தரையிலிருந்து ஒன்றரை அடியாவது மேலே வையுங்கள், குனிய வேண்டாம். கட்டிலிலிருந்து குளியலறை வரை போகும் வழியில் கால் மட்டத்தில் ஒரு சிறு விளக்கு. குளியலறையில் ஒரு அழைப்பு மணிக்கு, பிறகு வயர் இழுக்க வெறும் பைப்பை மட்டும் புதைத்து வைத்தால் போதும்.

கடைசியாக, பூச்சு வேலைக்கு முந்தின நாள் எல்லாச் சுவரையும் போட்டோ எடுங்கள். பக்கத்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டு, மூலையிலிருந்து எத்தனை அடி என்று தெரிகிற மாதிரி. பதினைந்து வருஷம் கழித்துக் கைப்பிடி மாட்ட வருகிற பையனுக்குக் கான்கிரீட் பட்டை எங்கே, தண்ணீர் பைப் எங்கே என்று வேறு யார் சொல்வார்கள்? போனில் மட்டும் வைக்காதீர்கள், போன் மாறிவிடும். பிரின்ட் போட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.

இனி கேள்விகள். மேஸ்திரிகள் முதலில் கேட்கட்டும். ஏஏசி கல்லில் போல்ட் நிற்காது என்று நான் சொன்னபோது அங்கே இரண்டு பேர் தலையாட்டினார்கள், பார்த்தேன்.