வாலிபர் ஊழியத்துக்குப் போகிறவர் என்ன படிக்க வேண்டும்?

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பின் வணக்கம்.

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த கையோடு தென் மாவட்டங்களிலிருந்து எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். சில சமயம் பையனே பேசுவான். பெரும்பாலும் அம்மாவோ அப்பாவோதான் பேசுவார்கள். "கன்வென்ஷன்ல ஒப்புக்கொடுத்துட்டான் ஐயா. வாலிபர் ஊழியந்தான் செய்வேன்னு ஒரே பிடியா நிக்கான். எந்த பைபிள் காலேஜ்ல சேக்கலாம்?" அதாவது, நற்செய்திக் கூட்டத்தில் தன்னைத் தேவப்பணிக்கு அர்ப்பணித்துவிட்டான், இளைஞர்கள் நடுவில்தான் சபைப் பணி செய்வேன் என்கிறான். குரலில் பெருமை இருக்கும், பயமும் இருக்கும். நான் இறையியல் கல்லூரியில் கற்பிக்கிறவன், ஆகவே உடனே ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்வேன் என்று காத்திருப்பார்கள். நான் சொல்கிற பதில் இதுதான்: முதலில் அவன் ஒரு பொதுக் கல்லூரியில் மூன்று வருஷம் படிக்கட்டும். கணிதம், தமிழ், வணிகவியல், சமூகப்பணி, எதுவானாலும் சரி. அதை முடித்துவிட்டு இறையியலுக்கு வரட்டும்.

இதைக் கேட்டதும் சிலருக்கு முகம் வாடிவிடும். அழைப்பைத் தள்ளிப்போடச் சொல்கிறேன் என்று எண்ணிக்கொள்வார்கள். அப்படி எண்ணுகிறவர்களுக்காகவே இன்று பேச வந்திருக்கிறேன்.

வாலிபர் ஊழியன் நாளைக்கு யாரோடு உட்காரப் போகிறான்? நாலு அரியர் வைத்திருக்கிற இன்ஜினியரிங் மாணவனோடு. விடுதி அறையில் சாதி பார்த்து ஒதுக்கப்பட்ட பெண்ணோடு. ஆன்லைன் விளையாட்டில் அப்பாவின் சேமிப்பைத் தொலைத்துவிட்டு வீட்டில் சொல்ல முடியாமல் தவிக்கிறவனோடு. பதினேழு வயதில் ஒரு வளாகத்துக்குள் போய், காலை ஆராதனை, மாலை ஜெபம், சுற்றிலும் சபைப் பிள்ளைகள் என்றே இருந்துவிட்டு வெளியே வருகிறவனுக்கு இந்த வாழ்க்கையைப் பற்றிக் கேள்விப்பட மட்டும்தான் வாய்த்திருக்கும். வேறு மதத்து நண்பனோடு ஒரே தட்டில் சாப்பிட்டு, அவன் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாமல் திணறி, அவனோடு சேர்ந்தே தேர்வுக்குப் படித்த அனுபவத்தைப் பிற்பாடு எந்தப் பாடத்திட்டத்தாலும் கொடுக்க முடியாது. அந்த மூன்று வருஷமும் ஊழியமில்லாமல் வீணாகப் போகும் என்று யாரும் வருந்த வேண்டாம். இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம் 1912 முதல் இருக்கிறது. யு.இ.எஸ்.ஐ. என்று நாம் சொல்கிற மாணவர் ஐக்கியம் 1954 முதல் இருக்கிறது. இரண்டுமே கல்லூரி மாணவர்களுக்காகவே எழுந்தவை. ஒரு மரத்தடியில் ஆறேழு பேர் கூடுகிற ஜெபக்குழுவை நடத்திப் பழகுவது சிறிய பயிற்சி ஆகாது.

நம் மண்ணிலேயே இதற்கு ஒருவர் இருக்கிறார். வெள்ளாளன்விளையில் 1874இல் ஒரு கிராமத்துச் சபைப் போதகரின் மகனாகப் பிறந்து, பின்னாளில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். இறுதித் தேர்வு எழுத முடியாமல் போனதால் பட்டம் அவர் கைக்கு வரவில்லை. ஆனாலும் அந்தக் கல்லூரி வருஷங்கள் அவர் கூடவே வந்தன. பின்னாளில் ஒய்.எம்.சி.ஏ. என்கிற வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான சேலத்துக்காரர் கே.டி. பால் அங்கே படித்த காலத்து நண்பர். 1895இல் அசரியா ஒய்.எம்.சி.ஏ. செயலாளரானார். அப்போது அவருக்கு வயது 21. பதினான்கு ஆண்டுகள் போல இளைஞர்கள் நடுவில்தான் அவர் பணி. 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கமும், 1905இல் தேசிய மிஷனரி சங்கமும் உருவானதில் அவர் கை இருக்கிறது. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்து, நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களையும் கொடுங்கள் என்று கேட்டார். மாணவர்களோடு மாணவராக இருந்து, சமமாக உட்கார்ந்து பழகியவருக்குத்தான் அந்தக் குறை கண்ணில் படும், அதை அவ்வளவு பெரிய சபையில் சொல்லும் துணிவும் வரும் என்று நான் நம்புகிறேன்.

சரி, பட்டம் முடிந்தது. இனி இறையியல். தமிழ் பேசுகிறவர்களுக்கு வாசல்கள் பல உண்டு. மதுரை அரசரடியில் 1969 முதல் இயங்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தமிழிலேயே படித்துத் தமிழிலேயே தேர்வு எழுதலாம். சென்னை கீழ்ப்பாக்கத்தில் லுத்தரன் சபைகளின் குருகுல், பெங்களூருவில் 1910இல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரி, இலங்கையில் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கிற பிலிமத்தலாவை இறையியல் கல்லூரி எல்லாம் இருக்கின்றன. இவை வங்காளத்திலுள்ள செராம்பூர் கல்லூரியின் இறையியல் பட்டத்துக்குத் தயார் செய்கிற கல்லூரிகள். செராம்பூர் கல்லூரியை ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரியும் அவர் தோழர்களும் 1818இல் தொடங்கினார்கள். பட்டம் வழங்கும் உரிமையை 1827இல் டென்மார்க் அரசர் கொடுத்தார். நம் தரங்கம்பாடிக்கு 1706இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கை அனுப்பியதும் அதே டென்மார்க் அரச குடும்பம்தான். சீகன்பால்க் 1716இலேயே தரங்கம்பாடியில் உள்ளூர் ஊழியர்களுக்காக ஒரு பயிற்சிப் பள்ளியைத் திறந்துவிட்டார். ஊழியத்துக்குப் படிப்பு எதற்கு என்று கேட்கிறவர்கள், தமிழ் புராட்டஸ்டண்ட் சபையின் முதல் பத்தாண்டிலேயே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப்பட்டுவிட்டது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பொதுப் பட்டம் பெற்றவருக்கு பி.டி. என்கிற இறையியல் பட்டம் நான்கு வருஷம். வாலிபர் ஊழியம் என்ற பெயரிலேயே தனிப் பட்டம் நம் பக்கம் அரிது. கிறிஸ்தவக் கல்வி, ஆயர் பணி, கவுன்சலிங் என்கிற ஆற்றுப்படுத்தல், மக்கள் தொடர்பு என்று பல பாடங்களுக்குள் அது பிரிந்து கிடக்கிறது. மாணவன்தான் அவற்றைக் கோத்துக்கொள்ள வேண்டும்.

அங்கே என்னதான் நடக்கிறது? ஒரே ஒரு வசனத்தை வைத்துச் சொல்கிறேன். எரேமியா 29:11. தேர்வுக்குப் போகிற பிள்ளைகளுக்கு நாம் எழுதிக் கொடுக்கிற வசனம், வாக்குத்தத்த அட்டைகளில் அதிகம் அச்சாகிற வசனம். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." நீட் தேர்வில் இரண்டாம் முறையும் தோற்ற ஒரு பிள்ளையின் மேஜையில் இந்த அட்டை ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் வாலிபர் ஐக்கியத்து அண்ணனிடம் கேட்கிறாள்: "எதிர்பார்த்த முடிவுன்னு போட்டிருக்கே அண்ணா. எனக்கு ஏன் வரல?"

படிக்காத ஊழியன் இன்னொரு வாக்குத்தத்தத்தைத் தேடுவான், அல்லது அவளுடைய விசுவாசத்தில் குறை கண்டுபிடிப்பான். பழைய ஏற்பாட்டு வகுப்பில் உட்கார்ந்தவன் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து திறப்பான். அது ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளை பெறுங்கள், உங்களைச் சிறையாகக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று கடிதம் தொடங்குகிறது. பத்தாம் வசனம், விடுதலைக்கு எழுபது வருஷம் ஆகும் என்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் அநேகர் அதைக் காணமாட்டார்கள். முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று ஆலயத்தில் ஜனங்களுக்கு முன்பாக முழங்குகிறான். எரேமியா அவனுக்கு எதிராக நிற்கிறார். அதாவது பதினோராம் வசனம், சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சுக்கு மறுப்பாக வந்த வசனம். நினைத்தது நடக்காத ஊரில், நடக்காத வருஷங்களில், தேவன் உங்களை மறக்கவில்லை என்று சொல்ல வந்த வசனம். தோற்றுப்போன பிள்ளைக்கு அந்த அட்டையை விட இந்தக் கடிதம் எவ்வளவு பெரிய ஆறுதல்! வசனம் அவள் கையைவிட்டுப் போகவில்லை, இப்போதுதான் அவளுக்கே சொல்லப்பட்டது போல அவள் கைக்கு வருகிறது. நான்கு வருஷப் படிப்பில் இந்த ஒன்று மட்டும் பிடிபட்டாலும் போதும் என்று சில நாள் எனக்குத் தோன்றும்.

அவளிடம் அந்த அதிகாரத்தை எப்போது திறப்பது என்பது அடுத்த பாடம். அழுதுகொண்டிருக்கும்போது திறக்கக் கூடாது. இதைக் கற்றுக்கொடுக்க ஒரு முறை உண்டு. 1925இல் அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்ற போதகர் இறையியல் மாணவர்களை மனநல மருத்துவமனைக்கு அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். அவரே மனநோயாளியாக மருத்துவமனையில் இருந்து மீண்டவர். புத்தகத்தைப் படிப்பது போலவே மனிதரையும் கவனமாகப் படிக்க வேண்டும் என்றார். இன்று இந்தப் பயிற்சியில் மாணவர் ஒருவரைச் சந்தித்துவிட்டு வந்து, நடந்த உரையாடலை வரிக்கு வரி எழுத வேண்டும், பெயரை மட்டும் மறைத்து. அப்படி எழுதும் தாளில் இப்படி வரும்: "அந்தப் பெண், 'எனக்கு வாழவே பிடிக்கல' என்றாள். நான், 'சரிம்மா, ஜெபிப்போமா' என்றேன்." ஆசிரியர் இரண்டாவது வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஜெபம் யாருக்குத் தேவைப்பட்டது என்று ஓரத்தில் எழுதுவார். பயந்தது மாணவர். அந்தப் பேச்சிலிருந்து தப்பிக்க ஜெபத்தைப் பிடித்துக்கொண்டார். அவள் சொன்னதை முழுவதும் கேட்டு, தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே விசாரித்து, தனியே விடாமல் கூட இருந்து, வீட்டாரையும் மனநல மருத்துவரையும் சேர்த்துக்கொண்டு, அதன்பின் அவளோடு ஜெபிக்கலாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸின் 14416 என்ற எண் வாலிபர் ஊழியர் ஒவ்வொருவரின் தொலைபேசியிலும் இருக்க வேண்டும்.

சட்டமும் படிக்க வேண்டும். இதைச் சபைகளில் நாம் இன்னும் போதுமான அளவு பேசவில்லை, எனக்கு அதில் ஆழ்ந்த வருத்தம் உண்டு. விடுமுறை வேதாகமப் பள்ளி, முகாம், கேம்ப் ஃபயர் என்று நம் ஊழியத்தில் பாதிப் பேர் பதினெட்டு வயது நிறையாதவர்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கிற 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, பிள்ளை ஒன்று பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். போதகர், உபதேசியார், வாலிபர் தலைவர் என்று எவருக்கும் விலக்குக் கிடையாது. ஆகவே "யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கண்ணா" என்று ஒரு பிள்ளை கேட்டால் சத்தியம் பண்ணக் கூடாது. "உன்னைப் பாதுகாக்கிறவங்களுக்கு மட்டும் சொல்லுவேன், உனக்குத் தெரியாம சொல்ல மாட்டேன்" என்பதே நேர்மையான பதில். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று மூடிவைக்கச் சொல்கிறவர் எவ்வளவு பெரியவரானாலும் அவர் பேச்சைக் கேட்கத் தேவையில்லை.

இந்தப் படிப்புக்குப் பெண்பிள்ளைகளை அனுப்புங்கள் என்று பெற்றோரிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் குருவானவர்களாகி நெடுங்காலம் ஆகிறது, 2013இல் ஒரு பெண் பேராயராகவே வந்துவிட்டார். ஆனாலும் வாலிபப் பெண்களின் துயரத்தைக் கேட்கப் படித்த அக்கா ஒருத்தி இல்லாத சேகரங்களே, அதாவது ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளே, அதிகம்.

தமிழையும் விட்டுவிடாதீர்கள். அரசரடியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று எல்லோரும் அன்பாக அழைத்தவர், கிராமத்து மெட்டையும் பறையையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். ஒடுக்கப்பட்ட மக்களின் பாட்டிலேயே இறையியல் இருக்கிறது என்று மாணவர்களுக்குக் காட்டினார். ஆங்கில நூல்களை எவ்வளவு படித்தாலும், உடன்குடியில் ஒரு பிள்ளைக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல முடியாவிட்டால் படித்தது அவளிடம் போய்ச் சேராது.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன். வாலிபர் ஊழியனுக்கென்று சம்பளத்தோடு கூடிய இடங்கள் பேராயர்களின் பொறுப்பிலுள்ள திருமண்டலங்களில் கொஞ்சம்தான். கையில் பொதுப் பட்டமும், முடிந்தால் பி.எட். போன்ற ஒரு தொழில் படிப்பும் இருந்தால், நாளைக்குக் காணிக்கை கொடுக்கிறவரின் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்ற வேண்டி வராது. அப்போஸ்தலர் பவுலுக்கே பிழைப்புக்குக் கூடாரம் செய்கிற தொழில் தெரிந்திருந்தது.

வாலிபர் ஞாயிறு வந்தால், உன் இளமையைக் குறித்து ஒருவனும் உன்னை அசட்டைபண்ணாதபடிக்கு என்ற வசனத்தை எல்லாரும் வாசிக்கிறோம். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம், நான்காம் அதிகாரம், 12ஆம் வசனம். அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்: "நான் வருமளவும் வாசிக்கிறதிலும் புத்திசொல்லுகிறதிலும் உபதேசிக்கிறதிலும் ஜாக்கிரதையாயிரு."

சேகர குருமாருக்கு ஒரு விண்ணப்பம். நன்றாகப் பாடுகிறான், கிட்டார் வாசிக்கிறான் என்பதற்காக ஒரு பிள்ளையை உடனே வாலிபர் தலைவனாக்கி மேடையில் ஏற்றிவிடாதீர்கள். அவன் கல்லூரியில் படிக்கிற மூன்று வருஷமும் ஓய்வுநாள் பாடசாலையில் ஒரு சிறு வகுப்பைக் கொடுங்கள். பாடம் எப்படிப் போனது என்று வாரந்தோறும் ஐந்து நிமிஷம் கேளுங்கள். பிறகு இறையியல் கல்லூரிக்கு நீங்கள் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது, அவனைப் பற்றி உண்மையாகவே தெரிந்து எழுதலாம். தம்பிமாரே, தங்கைமாரே, விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் நீங்கள் சேர நினைக்கிற கல்லூரிக்கு ஒருமுறை நேரில் போய், வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். விடுதி மாணவர்களோடு சாப்பிடுங்கள். வார இறுதியில் அவர்களை எந்தச் சேரிக்கும் எந்தக் கிராமத்துக்கும் களப்பணிக்கு அனுப்புகிறார்கள் என்று விசாரியுங்கள்.

நன்றி, வணக்கம்.