ஆண்டுக்கு ஒரு லட்சம் பந்துகளை விழுங்கும் குளம்!

வணக்கம், திருநெல்வேலிச் சீமை நேயர்களே! ஒரே குளம். ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கோல்ஃப் பந்துகள் அதற்குள் போகின்றன. போட்டவர்கள் எல்லாம் காசு கட்டி விளையாட வந்தவர்கள்!

[காட்சி: நீருக்கு நடுவே பச்சைத் திட்டு]

அமெரிக்காவின் ஃப்ளோரிடா கடற்கரை. டிபிசி சாக்ராஸ் மைதானம், 1980-இல் திறந்தது, தொழில்முறை கோல்ஃப் போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூர் அமைப்பின் சொத்து. 415 ஏக்கரையும் ஒரே ஒரு டாலருக்கு வாங்கினார்கள். வாயைப் பிளக்காதீர்கள், அத்தனையும் சதுப்புக் காடு. வரலாறு இவ்வளவு போதும்.

தட்டைத் தரையில் மழைநீர் வடிய வழியில்லை. புழுக்கம் வேறு. புல்லின் வேர் அழுகும், பூஞ்சணம் பிடிக்கும். வடிவமைப்பாளர் பீட் டை என்ன செய்தார்? ஒரு பக்கம் தோண்டினார், அந்த மண்ணைக் கொட்டி ஆடும் தரையை உயர்த்தினார். பள்ளத்தில் தண்ணீர் நின்றது. வெட்டிய மண்ணையே கரையாகப் போட்டுக் குளம் கண்டவர்கள் நம் முன்னோர், அவர்கள் பார்த்திருந்தால் "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்டிருப்பார்கள்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். தரையை உயர்த்த நல்ல மணல் கிடைத்தது, பந்தை விழவைக்கும் 18 குழிகளில் 17-ஆவது குழிக்கென்று ஒதுக்கிய இடத்தில். ஓரமாகச் சின்னக் குட்டை ஒன்று இருக்கட்டும் என்பதுதான் முதல் திட்டம். மணல் அள்ள அள்ள, அங்கே பெரும் பள்ளம்தான் மிஞ்சியது. பீட் கையைப் பிசைந்து நிற்க, அவர் மனைவி ஆலிஸ் டை சொன்ன யோசனை: சுற்றிலும் தண்ணீரை விடுங்கள், நடுவில் தீவாகப் புல்தரை இருக்கட்டும். அவரும் கோல்ஃப் மைதானம் வடிவமைப்பவர்தான். பெயர் கணவருக்கு, மூளை மனைவிக்கு. உங்கள் வீட்டில் எப்படியோ!

பந்தை அடிக்கும் இடத்திலிருந்து தூரம் 137 கெஜம், சுமார் 125 மீட்டர். பெரிய ஆட்டக்காரருக்கு இது தூரமே இல்லை. ஆனால் காற்று சற்றுத் திரும்பினால் போதும், 'தொபுக்'! திட்டுக்கு நடந்து போக ஒடுங்கிய பாதை ஒன்றுதான். 1982-இல் இங்கே நடந்த பிளேயர்ஸ் போட்டியில் வென்ற ஜெர்ரி பேட், பரிசளிப்பின்போது பிஜிஏ டூர் தலைவரையும் பீட் டையையும் 18-ஆவது குழியருகே ஏரியில் தள்ளிவிட்டுத் தானும் குதித்தார். எத்தனை பேருடைய ஆத்திரம் அது!

அங்குள்ள பெர்முடா புல்லைப் பார்த்து வியக்காதீர்கள். பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அருகம்புல்லின் வகையறாதான்.

"உவரி, குட்டம் பக்கம் இப்படி ஒன்று வருமா?" என்று கேட்பீர்கள். மணலுக்குப் பஞ்சமில்லை, தேரியே கிடக்கிறது. ஆனால் அந்தச் செம்மணல் ஊற்றிய தண்ணீரைக் குடித்துவிடும். அங்கே தண்ணீரை வடிக்கப் பாடு, இங்கே நிறுத்தப் பாடு. கோடையில் புல்லுக்கென்று தாமிரபரணித் தண்ணீரைக் கேட்டால் கடைமடை விவசாயி கம்போடு வருவார். நான் அவர் பக்கம்தான் நிற்பேன். நீங்கள் எந்தப் பக்கம்? கீழே எழுதுங்கள்.