ஓசூர்ப் பனியை அசைய வைக்கும் வாழ்த்து அட்டை

(காட்சி: ஒரு கை வாழ்த்து அட்டையை மெல்ல அசைக்கிறது, சாளரத்துக்குள் வெண்ணிற மணிகள் உருண்டோடுகின்றன.)

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரிலும், அதனினும் சற்று மேட்டில் இருக்கும் தளியிலும், மார்கழி விடியலில் மூடுபனி இறங்கினால் சாலையின் மறுபக்கம் தெரிவதில்லை. இவ்வளவு நல்ல குளிர்காலம் நம் வாசலிலேயே இருக்க, கடையில் விற்கும் அட்டைகளில் இருப்பதோ பனிமனிதனும் ஊசியிலை மரமும்தான். 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் அச்சிடச் செய்த முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையின் நடுப்படத்திலேகூடப் பனிப்பொழிவு இல்லை. ஒரு குடும்பம் விருந்தில் அமர்ந்திருக்கும் காட்சிதான் இருந்தது. ஆகவே, புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் அனுப்பத்தக்க நம் ஊர் அட்டை ஒன்றைச் செய்வோம்.

(காட்சி: ஐவரி அட்டை, கட்டர், ஓ.எச்.பி. ஷீட், ஃபோம் டேப்.)

ஏ4 அளவிலான தடித்த ஐவரி அட்டையை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மடித்தால் 105 × 148 மில்லிமீட்டர் முகப்புள்ள வாழ்த்து அட்டை கிடைக்கும். மறுபாதியிலிருந்து அதே முகப்பளவில் ஒரு துண்டை வெட்டி, அதன் நடுவில் 70 × 90 மில்லிமீட்டர் சாளரம் திறந்து, பின்பக்கத்தில் ஓ.எச்.பி. ஷீட் எனப்படும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை ஒட்டுங்கள். மடித்த அட்டையின் முகப்பில் குன்றும் கோபுரமும் வரைந்து, மேற்பகுதியைச் சாம்பல் நிறத்தில் விட்டுவிடுங்கள்.

(காட்சி: கவிழ்த்த சட்டத்தைச் சுற்றி டேப் ஒட்டும் கை, அண்மையில்.)

வேலையின் உயிர்நாடி இந்த ஃபோம் டேப்தான். இருபக்கமும் ஒட்டக்கூடிய, 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள டேப்பைச் சாளரத்தின் நான்கு ஓரங்களிலும் ஒட்டும்போது, மூலைகளில் மயிரிழை இடைவெளிகூட விடக்கூடாது. விட்டால், அட்டை போய்ச் சேரும்போது மணிகள் உறைக்குள் சிதறிக் கிடக்கும். டேப்பின் தடிமனே உள்ளிருக்கும் அறையின் ஆழம் என்பதால், அதைவிடப் பருமனான எதையும் உள்ளே இட்டால் அது அசையாமல் சிக்கிக்கொள்ளும்.

எதை இடுவது? பலரும் தெர்மகோல் உருண்டைகளைத் தேடுவார்கள். நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். பிளாஸ்டிக் ஷீட்டைத் தேய்க்கும்போதும் டேப்பின் மேல்தாளை உரிக்கும்போதும் நிலைமின்னூட்டம் உண்டாகிறது. வறண்ட காற்றில் அது எளிதில் வடிந்து போவதில்லை. எடையற்ற தெர்மகோல் அந்த மின்னூட்டத்தில் ஷீட்டோடு ஒட்டிக்கொண்டு, எவ்வளவு குலுக்கினாலும் கீழே இறங்காது. ஜிகினாத் தூளுக்கும் இதே கதிதான். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் விளையும் சாமை அரிசி இதற்கு மிகப் பொருத்தம்: வெளிர் நிறம், சிறிய உருவம், தானே உருண்டு இறங்கும் அளவுக்கு எடை. அதோடு ஒரு சிட்டிகை கேழ்வரகைச் சேர்த்தால் வெண்மைக்கு நடுவே செம்பழுப்பு எடுப்பாகத் தெரியும். தானியத்தை வெறும் வாணலியில் நிறம் மாறாமல் சற்றுச் சூடேற்றி, நன்றாக ஆறவிட்ட பின்பே பயன்படுத்த வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சையும் வண்டும் வந்துவிடும். பளபளப்பு வேண்டுமென்பவர்கள் நான்கைந்து சமிக்கிகளை மட்டும் சேர்க்கலாம்.

(காட்சி: மெல்லிய தூரிகையில் முகப்பவுடர்.)

மணிகளைக் கொட்டுவதற்கு முன், ஷீட்டின் உட்புறத்திலும் டேப்பின் உட்சுவரிலும் முகப்பவுடரை மெல்லத் தடவி, மிகுதியைத் தட்டிவிடுங்கள். சுவரில் கசியும் பசையைப் பவுடர் மூடிவிடுவதோடு, ஷீட்டில் மணிகள் ஒட்டுவதும் பெரிதும் குறையும். பிறகு சாளரத்தின் கால் பங்கை மட்டும் நிரப்புங்கள். நிறைய இட்டால் ஓவியமும் மறையும், அசைய இடமும் இராது. மணிகளை நடுவில் குவித்து, டேப்பின் மேல்தாளை உரித்து, ஓவியம் கீழ்நோக்கி இருக்குமாறு முகப்பை ஓரங்கள் பொருந்த வைத்து, சுற்றிலும் விரலால் அழுத்துங்கள்.

(காட்சி: நிமிர்த்திய அட்டை; கோபுரத்தின்மேல் மணிகள் சரிகின்றன.)

தபாலில் அனுப்புவதாக இருந்தால், உறையில் சாளரத்தின் மேல் ஒரு கெட்டி அட்டையை வைத்து, முத்திரை அடி நேரே ஷீட்டில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.