சேற்றை மேடாக்கிய துறைமுகம்

அவையோருக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெரு என்று ஒன்று இருக்கிறது. மலாய் மொழியில் தெலுக் என்றால் குடா, ஆயர் என்றால் தண்ணீர். அங்கே சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா நிற்கிறது. அதே தெருவில் சீனர்களின் தியான் ஹோக் கெங் கோயில். பத்திரமாகக் கரையேறியவர்கள் நன்றி சொல்லிக் கும்பிட்ட இடங்கள் இவை. அன்றைக்கு எதிரே கடல். இன்றைக்கு வாசலில் நின்றால் அலுவலகக் கட்டடங்கள்தாம் தெரியும். கடல் எங்கே போயிற்று?

1819 பிப்ரவரி 6இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் ஒப்பந்தம் போட்டார், சரக்குக்குச் சுங்கமில்லை என்றார், வணிகர்கள் குவிந்தார்கள் என்று கதையைச் சுருக்கிவிடுகிறோம். சுங்கமின்மை பெரிய ஈர்ப்புதான். ஆனால் வந்த சரக்கை இறக்கி வைக்கக் காய்ந்த தரை வேண்டாமா? சிங்கப்பூர் ஆற்றின் தென்கரை முழுக்கச் சதுப்பு. கடல் ஏறும்போதெல்லாம் தண்ணீர் நிற்கும். அதனால் வணிகர்கள் வடகரையைக் கேட்டார்கள். அங்கே பொறுப்பிலிருந்த ஃபார்க்குவாரும் விட்டுக்கொடுத்தார். 1822 அக்டோபரில் திரும்பி வந்த ராஃபிள்ஸ் அதை ஏற்கவில்லை. வடகரை அரசாங்கத்துக்கு, தென்கரை வியாபாரத்துக்கு என்று பிரித்தார். இப்போது ராஃபிள்ஸ் பிளேஸ் இருக்கும் இடத்தில் அப்போது ஒரு குன்று. சீனர், மலாய்க்காரர், நம்மவர் என நூற்றுக்கணக்கான கூலியாட்கள் அதை வெட்டி, மண்ணைச் சுமந்து சதுப்பில் கொட்டினார்கள். குன்று சதுக்கமாயிற்று, சதுப்பு போட் கீ என்ற படகுத்துறை ஆயிற்று.

கப்பல் ஆற்றுக்குள் வராது; முகத்துவாரத்தில் அத்தனை ஆழமில்லை. வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். தொங்கான் என்ற சரக்குப் படகுகள் போய்ச் சரக்கை வாங்கிவந்து கிடங்கு வாசலில் இறக்கும். தொடக்க காலத்தில் இந்தத் தொழிலில் முன்னால் நின்றவர்கள் சூலியாப் படகோட்டிகள். சீனர்கள் கைக்குப் போனது பின்னால். வட்டிக்குப் பணம் வேண்டுமென்றால் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி என்ற செட்டியார்களின் வட்டிக்கடை. எல்லாம் கூப்பிடு தூரத்தில். அதனால்தான் ஆற்றை விட்டு நகர யாருக்கும் மனம் வரவில்லை.

ஆனால் ஆறு சின்னது. 1869-70இல் முகத்துவாரத்துக்கு அருகே கேவனா பாலத்தைத் தாழ்வாகக் கட்டிவிட்டார்கள். கடல் ஏற்றத்தில் தொங்கான் பாலத்துக்கு அடியில் நுழையாது. நன்றாக வற்றிவிட்டால் தரை தட்டும். சரக்கோடு காத்துக் கிடக்க வேண்டும். சூயஸ் கால்வாய் திறந்ததும் 1869இல்தான். நெரிசல் கூடப்போகிற நேரத்தில் கழுத்தை இறுக்கிக்கொண்ட மாதிரி!

நீராவிக் கப்பலுக்கு வேண்டியது வேறு: ஆழம், கரையோடு அணைந்து நிற்கும் மேடை, மலையாய்க் குவித்த நிலக்கரி. இவை கிடைத்தது மேற்கே, தீவுகள் அலையை மறைத்த நியூ ஹார்பரில். 1900இல்தான் அதற்குக் கெப்பல் என்று பெயர் வந்தது. 1864இல் தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் தொடங்கியது. நிலக்கரியை இரண்டு பேர் நடுவில் கூடையைக் கம்பில் தொங்கவிட்டுக் கப்பலுக்குத் தூக்கிப் போனார்கள். துறைக்கும் ஊருக்கும் நடுவிலோ குன்றுகளும் குடாவும். மாட்டுவண்டிகளை நம்பித்தான் சரக்கு ஊருக்குள் வந்தது.

இந்த ஊரின் கட்டுமானத்தில் பெரும்பங்கு இந்தியக் கைதிகளுடையது. 1825 முதல் கொண்டுவரப்பட்டார்கள். சாலை, கலங்கரை விளக்கம், அரசு மாளிகை எல்லாம் அவர்கள் கைவேலை. 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவரைப் பாருங்கள். நம் சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு அது. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் போட்டு அடித்துப் பசையாக்குவார்கள். தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை விட்டுக் கரைப்பார்கள். மணல் ஒரு பிடியும் கூடாது. சேர்த்தால் வழவழப்பு வராது. பூசிக் காய்ந்தபின் பளிங்குக்கல்லாலோ உருண்டைக் கல்லாலோ விடாமல் தேய்க்க வேண்டும். அந்த வெண்மைக்குக் காரணம் பல நாள் தேய்த்த கைகள். மாளிகையில் இருந்தவர்கள் பெயரைவிட இந்தக் கைகளைப் பற்றிப் பேசுவதுதான் எனக்கு முக்கியம்.

1873இல் அந்தக் கைதிகளின் சிறை மூடப்பட்டது. 1879இல் தெலுக் ஆயர் குடாவைத் தூர்க்கத் தொடங்கினார்கள். மறுபடி அதே முறை: பக்கத்திலிருந்த வாலிச் குன்றை வெட்டினார்கள், மண்ணைக் கடலில் கொட்டினார்கள். குன்று போய்விட்டது. புதுத் தரையில் ராபின்சன் சாலையும் செசில் தெருவும் எழுந்தன. தர்காவின் எதிரே இருந்த கடல் அந்தத் தெருக்களுக்கு அடியில்தான் கிடக்கிறது. வண்டிகள் குன்றைச் சுற்றாமல் நேரே கப்பல்துறைக்கு ஓடத் தொடங்கின.